இரணைமடுவும் எக்ஸாஃப்ளொப்பும்

உலகத்தின் வேகமான 500 கணினிகளின் பட்டியல் வருடத்துக்கு இரண்டு தரம் வெளிவரும், ஜூனில் ஒன்று, நவம்பரில் ஒன்று. 1993இல் தொடங்கியது. வெளிநாட்டில் ஒரு கிளஸ்டரை, அதாவது ஒன்றாக இணைத்து வேலை வாங்குகிற கணினிக் கூட்டத்தை, பராமரிக்கிற வேலையில் இருந்த காலத்தில் அதைப் பார்ப்பது தொழிலின் ஒரு பகுதி. இப்போது கிளிநொச்சியில் இருந்துகொண்டு பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை.

2022 ஜூன் பட்டியலில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்து ஃபிரொன்டியர் முதன்முதலாக எக்ஸாஃப்ளொப் எல்லையைத் தாண்டியது. ஒரு செக்கனில், ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம் போட்ட அளவு கணக்கு. 2024 நவம்பரில் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்து எல் கப்பிட்டான் 1.742 எக்ஸாஃப்ளொப்போடு அதையும் முந்தியது. இந்த இயந்திரம் இழுக்கிற மின்சாரம் 30 மெகாவொட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மன்னார்த் தீவில் நிற்கிற தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் முழுக் காற்றில் சுற்றினால் 103.5 மெகாவொட் வரும், ஒன்றுக்கு 3.45. ஆக, எல் கப்பிட்டானுக்கு ஒன்பது காற்றாலைகளை எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் இரவு பகல் ஓயாத காற்றோடு. மன்னார்க் காற்றிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

இந்தச் செய்திகளை வாசித்துவிட்டு அறிவியல் நகர்ப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, எங்களுக்கு எத்தனை ஜிபியு வேணும்?" என்பதுதான். ஜிபியு என்றால் கிராபிக் காட்டில் இருக்கிற கணிப்புச் சில்லு. கணக்கே தெரியாமல் எத்தனை என்று எப்படிச் சொல்வது? எங்கள் கணக்கு, இரணைமடுக் குளத்துக்கு மேலே பெய்யப்போகிற மழையை எங்கள் கணினியிலேயே முன்கூட்டிக் கணித்துப் பார்ப்பது. முதலில் அதைச் சொல்கிறேன்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் ஏரியில் கொண்டுபோய் விடுகிறது. குளத்துக்குத் தண்ணீர் சேர்க்கிற நிலப்பரப்பு கிட்டத்தட்ட 600 சதுர கிலோமீற்றர். குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் வெள்ளத்துக்குள் வரும். 2018 டிசெம்பரில் வந்தது. வயலும் போய், வீடும் போய், பள்ளிக்கூடங்களில் தங்கிய சனத்துக்கு அந்த மாரி இன்னும் மறக்கவில்லை. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவியும், 2025 நவம்பர் கடைசியில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டிட்வாவும் அதே கேள்வியைத்தான் திரும்பவும் கொண்டுவந்தன. அடுத்த 48 மணித்தியாலத்தில் இந்தக் குளத்துக்கு மேலே எவ்வளவு மழை?

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் உலக வானிலை மொடல் நாளுக்கு நான்கு தரம் ஓடுகிறது. விளைவை யாரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். பெரிய மனது, மறுக்க முடியாது. ஆனால் அது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான் தரும். பொதுவில் எடுக்கிற தரவில் அந்தக் கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு 28 கிலோமீற்றர் அளவு. ஒரு கட்டத்தின் பரப்பு 750 சதுர கிலோமீற்றரைத் தாண்டும். இரணைமடுவின் முழு நீரேந்து பரப்பும் அந்த ஒரு கட்டத்தைவிடச் சிறியது. மாங்குளத்தில் கொட்டுகிறதா, கனகராயன்குளத்தில் கொட்டுகிறதா என்ற வித்தியாசமெல்லாம் அங்கே கிடையாது. ஒன்றிரண்டு எண்தான் கிடைக்கும்.

சரி, அந்தக் கட்டத்தை நாமே சிறிதாக்குவோம் என்றால் அதற்கு டபிள்யூஆர்எஃப் என்ற மொடல் இருக்கிறது. இலவசம், மூல நிரலும் திறந்தது, பெரும்பகுதி ஃபோட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. உலக மொடலின் விளைவை எல்லையில் கொடுத்தால், உள்ளே 9 கிலோமீற்றர், அதற்குள்ளே 3 கிலோமீற்றர் என்று நுணுக்கிக்கொண்டு போகும். 3 கிலோமீற்றருக்கு வந்தால் இரணைமடுவின் நீரேந்து பரப்பு அறுபதுக்கு மேற்பட்ட கட்டங்களாகப் பிரியும். மேகம் எங்கே கிளம்புகிறது என்பதை மொடல் தானாகவே ஓரளவு பிடிக்கத் தொடங்குவதும் இந்த அளவில்தான்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. கட்டத்தின் பக்கத்தை மூன்றில் ஒன்றாக்கினால் அதே நிலத்துக்குக் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்பது மடங்காகும். அதோடு முடியாது. கட்டம் சிறுத்தால் நேரத்தையும் சின்னச் சின்ன அடியாக வைத்துத்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். 9 கிலோமீற்றருக்கு 54 செக்கன் அடி வைக்கலாம் என்றால் 3 கிலோமீற்றருக்கு 18 செக்கன்தான். ஆக மொத்தம் 27 மடங்கு வேலை. 3இலிருந்து 1 கிலோமீற்றருக்கு இறங்கினால் இன்னொரு 27.

அப்புறம் நேரக்கெடு. காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடுகிற ஜிஎஃப்எஸ் முழுதாகக் கைக்கு வர முற்பகல் பத்தரை ஆகிவிடும். பின்னேரம் இருட்டுவதற்குள் விளைவு வந்தால்தான் வான்கதவைப் பற்றி யாரும் யோசிக்க முடியும், தாழ்நிலத்துச் சனத்துக்கும் சொல்ல முடியும். நாளைக் காலை வருகிற துல்லியமான விளைவு எங்களுக்கு வெறும் வரலாறு. நாங்கள் செய்வது படிப்பும் பரிசோதனையும் மட்டுமே, அதிகாரபூர்வ எதிர்வுகூறல் வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் மழை வதந்தி கிளப்புகிறவர்கள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள்.

இப்போது ஜிபியு கேள்விக்கு வரலாம். பொதுவில் கிடைக்கிற டபிள்யூஆர்எஃப் இன்றைக்கும் சிபியுவில், அதாவது கணினியின் வழமையான புரொசெசரில், ஓடுகிற நிரல்தான். ஜிபியுவுக்கு மாற்றிய வணிகப் பதிப்புகள் உண்டு, அவற்றின் கட்டணத்தை இங்கிருந்து நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆக, கடன்பட்டு வாங்குகிற கிராபிக் காட் இந்த வேலைக்குச் சும்மா இருக்கும்.

"அப்ப கோர் கூடின புரொசெசர் வாங்குவமோ?" இது இரண்டாவது கேள்வி. கோர் என்பது ஒரு புரொசெசருக்குள் தனித்தனியாகக் கணக்குச் செய்கிற அலகு. பதினாறு கோர் உள்ள மேசைக் கணினி ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தான். நாலு கோரில் நல்ல வேகம். எட்டில் கொஞ்சம் கூடியது. பதினாறில் எட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஏதோ அமைப்பு பிழைத்துவிட்டது என்று அவன் இரவிரவாகத் தேடியிருக்கிறான். அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. வானிலை மொடல் ஒவ்வொரு எண்ணையும் நினைவகத்திலிருந்து எடுத்து, சின்னக் கணக்கொன்று செய்து, திரும்ப வைக்கிற வகை. கோர்கள் பசியோடு காத்திருக்கும், தரவு வந்து சேராது. மேசைக் கணினியில் நினைவகத்துக்கு இரண்டு பாதைதான். டிடிஆர்5 5600 வகை ரேம் போட்டாலும் செக்கனுக்கு 90 ஜிகாபைற்றோடு நின்றுவிடும். 2019இல் வந்த இரண்டாம் தலைமுறை ஏஎம்டி எபிக் சேர்வர் புரொசெசருக்கு எட்டுப் பாதை, செக்கனுக்கு 204 ஜிகாபைற். இரண்டு புரொசெசர் பூட்டிய பலகை என்றால் 400ஐத் தாண்டும். பழசுதான், ஆனால் எங்கள் வேலைக்குப் புதுசை அடிக்கும்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய சேர்வர் விற்கிறவர்கள் அனேகமாக இரண்டே இரண்டு பெரிய ரேம் துண்டைச் சொருகி, "128 ஜிபி இருக்கு சேர்" என்று தருவார்கள். எட்டுப் பாதையில் இரண்டுதான் வேலை செய்யும், கால்வாசி வேகம்தான் கிடைக்கும். 64 ஜிபி இரண்டுக்குப் பதிலாக, ஒரு புரொசெசருக்கு 16 ஜிபி எட்டுத் துண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த ஒரு பந்திக்காகவே இந்தப் பதிவை எழுதினேன் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

இது வன்னியின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பட்டியலின் உச்சியிலும் இதே கதைதான். முதலிடம் யாருக்கு என்பதை லின்பாக் என்ற சோதனை தீர்மானிக்கிறது. அது அடர்ந்த சமன்பாடுகளைத் தீர்க்கிற வேலை, நினைவகத்தை அதிகம் தொந்தரவு செய்யாது. நிஜமான விஞ்ஞானக் கணக்குக்குக் கிட்ட இருக்கட்டும் என்று எச்பிசிஜி என்ற இன்னொரு சோதனையையும் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் எல் கப்பிட்டான் லின்பாக்கில் 1742 பெற்றாஃப்ளொப் (ஆயிரம் பெற்றா ஒரு எக்ஸா), எச்பிசிஜியில் 17.4. நூற்றுக்கு ஒன்று! யப்பானின் கோபே நகரில் இருக்கிற ஃபுகாகு 2020இல் முதலிடம் பிடித்த இயந்திரம். லின்பாக்கில் அது 442தான், எல் கப்பிட்டானின் கால்வாசி. எச்பிசிஜியிலோ 16. ஐந்து வருடம் பழைய கிழவன் புதியவனோடு தோளுக்குத் தோள் நிற்கிறான். காரணம், அதன் புரொசெசரோடு ஒட்டியே வைத்த வேகமான நினைவகம். இந்த இரண்டு வரி எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணினிச் சந்தை எதை விற்கிறது, பாவிக்கிறவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பது தெரியும்.

சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் பழங்கதை வேண்டும். உயர்திறன் கணிப்பு எப்போதுமே இன்னொரு சந்தைக்காகச் செய்த பொருளை எடுத்துத்தான் வளர்ந்தது. 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேலிங்கும் டொனால்ட் பெக்கரும் பதினாறு 486 கணினிகளைச் சாதாரண வலைக் கேபிளால் இணைத்து லினக்ஸ் போட்டு பேவுல்ஃப் என்று ஒரு கிளஸ்டர் செய்தார்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கோடிக்கணக்கில் விற்கிற பாகங்கள் மலிவு என்பதுதான் யோசனையின் சாரம். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய பெரிய இயந்திரங்கள் எல்லாம். 2017 நவம்பரில் இருந்து அந்த 500இலும் ஓடுவது லினக்ஸ்தான், என் மேசையில் ஓடுகிறதும் அதுதான். அடுத்ததாக விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்த கிராபிக் காட். 2007இல் என்விடியா, அந்தக் காட்டை மற்றக் கணக்குகளுக்கும் பாவிக்க விடுகிற கூடா நிரல்முறையை வெளியிட்ட பிறகு, துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுக்கு என்று வந்த சிலிக்கனில் மூலக்கூறுகள் ஆடத் தொடங்கின.

இப்போது மூன்றாவது சந்தை, செயற்கை நுண்ணறிவு. என்விடியாவின் தரவு மையப் பிரிவு 2023 நிதியாண்டில் 15 பில்லியன் டொலர் சம்பாதித்தது, 2025 நிதியாண்டில் 115 பில்லியன். விளையாட்டுக் காட் விற்ற பணம் அதே வருடம் 11 பில்லியன் மட்டில். இவ்வளவு பணம் ஒரு பக்கம் கொட்டும்போது பொறியியலாளர்கள் யாருடைய தேவையைப் பார்ப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. முந்தைய இரண்டு சந்தைகளின் மிச்சமும் விஞ்ஞானக் கணக்குக்குப் பொருந்தியது. மூன்றாவதன் மிச்சம் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதே என் முறைப்பாடு.

எப்படிப் பொருந்தவில்லை? நரம்பு வலையமைப்புக்குப் பருமட்டான எண் போதும். எட்டுப் பிற், நாலு பிற் என்று குறைத்துக்கொண்டே போகிறார்கள். கட்டமைப்புப் பொறியியல், குவாண்டம் வேதியியல் போன்றவற்றுக்கு 64 பிற் இரட்டைத் துல்லியம் தேவை. என்விடியாவின் எச்100 காட்டுக்கு அதில் 34 டெராஃப்ளொப் (ஆயிரம் டெரா ஒரு பெற்றா) வலு இருந்தது. பின்னால் வந்த பிளாக்வெல் அல்ட்ரா வரிசையில் அது ஒன்றரை டெராஃப்ளொப்புக்கும் கீழே. புதுக் காட், கூடின விலை, எங்கள் கணக்குக்கு வலு குறைவு. ஏஎம்டி தன்னுடைய பெரிய காட்டுகளில் அதை இன்னும் விட்டுவைத்திருக்கிறது. வீட்டுக் காட்டுகளின் கதை பழையது: ஆர்டிஎக்ஸ் 4090இல் இரட்டைத் துல்லியத்தின் வேகம் 32 பிற் ஒற்றைத் துல்லியத்தின் 64இல் ஒரு பங்கு. மூலக்கூறு இயக்கவியல் செய்கிற வேதியியல் பிள்ளைகள் ஒற்றைத் துல்லியத்தோடு பெரும்பாலும் சமாளிக்கலாம், அவர்கள் பாவிக்கிற குரொமாக்ஸ் மென்பொருள் அதில் அழகாக ஓடும். அவர்கள் காட் வாங்கட்டும். டபிள்யூஆர்எஃப்பும் வழமையாக ஒற்றைத் துல்லியத்தில்தான் ஓடுகிறது, அதற்குத் தடை வேறு என்று மேலே சொன்னேன்.

இதன் அடி ரேம் விலையிலும் விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக் காட்டுக்கு வேண்டிய அடுக்கு நினைவகத்தைச் செய்வதும் எங்கள் ரேமைச் செய்வதும் அதே சில கொம்பனிகள்தான். 2025 கடைசியில் விலை ஏறத் தொடங்கியது. டிசெம்பரில் மைக்ரோன், குரூஷல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. வவுனியாவில் ஒரு கடையில் எட்டுத் துண்டுக்கு விலை கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். திரும்பப் போனபோது கடைக்காரத் தம்பி முகத்தைப் பார்க்காமலே புது விலை சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவனுக்கும் கொழும்பிலிருந்து அப்படித்தான் வருகிறது.

மற்றதெல்லாம் சுருக்கமாக: பெரிய கணினிகள் செய்கிற கிரேயை 2019இல் எச்பிஈ வாங்கியது, அவற்றை இணைக்கிற வலைக் கருவிகள் செய்கிற மெல்லனொக்ஸை 2020இல் என்விடியா வாங்கி முடித்தது, விற்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அரைவாசி உலகம் இலவசமாக நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பை 2021 முடிவோடு நிறுத்துவதாக 2020 டிசெம்பரில் ரெட்ஹாட் சொன்னது. எங்களைப் போன்றவர்கள் ரொக்கி, அல்மா என்ற மாற்றுப் பதிப்புகளுக்கு மாறிக்கொண்டோம். வேறு என்ன செய்வது.

"ஏன் அண்ணை வாங்கி அலையிறியள், கிளவுட்டில வாடகைக்கு எடுக்கலாமே?" என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். எடுக்கலாம். மும்பையில் 2016இல் இருந்து அமேசானின் தரவு மையங்கள் இருக்கின்றன, எங்களுக்கு அதிக தூரமில்லை. ஆனால் வாடகைக் கணினி எங்கள் ஊரில் அறுவடை நேரத்து வெட்டு மெசின் மாதிரி. வருடம் முழுக்க யாருக்கும் தேவையில்லை, காலபோகம் விளைந்ததும் எல்லா வயலுக்கும் ஒரே கிழமையில் வேண்டும். மலிவான ஸ்பொட் வாடகையில் எடுத்தால் இன்னும் மோசம். வேறு ஆள் கூடக் காசு கொடுத்தால், அரை வயலில் நிற்கும்போதே இரண்டு நிமிட அறிவித்தலோடு மெசினைக் கொண்டுபோய்விடுவார்கள். அமேசானின் ஸ்பொட் அறிவித்தல் உண்மையாகவே இரண்டு நிமிடம்தான்.

கணிப்புக்கு ஆகிற செலவைவிட மறைந்திருந்து கடிப்பது மற்றச் செலவுகள். ஓட்டம் முடிந்த பிறகு விளைவுகள் அங்கேயே கிடந்தால் மாத வாடகை. வெளியே இறக்கினால் அதற்கு ஒரு விலை, பெரிய கொம்பனிகளின் பட்டியலில் 1 ஜிபிக்கு 9 அமெரிக்க சதத்தை அண்டி. 500 ஜிபி இறக்க 45 டொலர், எங்கள் காசில் பதின்மூவாயிரத்துக்கு மேல். எனக்கு ஒரு தரம் ஒரு நிறுவனத்திடமிருந்து, நிறுத்திவிட்டதாக நினைத்த இயந்திரத்தின் சேமிப்புத் தட்டுக்கு மாதக்கணக்கில் பில் வந்தது. இயந்திரத்தை அணைத்தால் தட்டு அணையாதாம், அது அவர்களின் விதிமுறையில் எங்கேயோ எழுதியிருந்ததாம். எல்லாவற்றுக்கும் மேலே டொலர். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ அண்டிப் போனதைப் பார்த்த யாரும், டொலரில் மாதா மாதம் கட்டுகிற ஒன்றை நம்பி மூன்று வருடத் திட்டம் போடமாட்டார்கள். கணினியை ஒருக்கால் வாங்கிவிட்டால் அதன் விலை அன்றோடு முடிந்தது.

முடிந்ததா? கரண்ட் இருக்கிறதே. எட்டு எச்100 பூட்டிய என்விடியாவின் ஒரு பெட்டி உச்சத்தில் 10.2 கிலோவொட் இழுக்கும். வீட்டுக்கு வருகிற 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு 7 கிலோவொட்டைக்கூடத் தராது. ஃபிரிட்ஜையும் மோட்டரையும் நிறுத்தினாலும் போதாது. புதிய 72 ஜிபியு அடுக்குகளுக்கு 120 கிலோவொட் அளவு வேண்டும், காற்றால் குளிரப்பண்ண முடியாது, குழாயில் தண்ணீர் ஓட வேண்டும். சோளகக் காலத்தில் புழுதியும் பங்குனி சித்திரையில் வெக்கையும் அடிக்கிற இடத்தில் அதைப் பற்றிப் பேசுவதே பகிடி. எங்கள் இரட்டைப் புரொசெசர் சேர்வர் ஒரு கிலோவொட்டுக்குள் அடங்கும், சின்ன ஏசி போதும். பல்லி மட்டும் மின்வழங்கிக்குள் புகாமல் வலை அடிக்க வேண்டும். இதை எந்தத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் காணவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட் இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் ஓட்டத்தை அமைக்க வேண்டியிருக்கிறது. டபிள்யூஆர்எஃப்பில் மொடல் நேரப்படி இத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் முழு நிலையையும் தட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம், கரண்ட் வந்ததும் அங்கேயிருந்து தொடரலாம். எழுதுகிற நேரம் வீண், எழுதாவிட்டால் குரங்கு. எக்ஸாஃப்ளொப் இயந்திரங்களிலும் இதே சிக்கல்தான், அங்கே பல்லாயிரம் பாகங்களில் ஏதாவது ஒன்று அடிக்கடி செத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு ஒரே பாகம்தான் சாகிறது, அது மின்சாரம்.

ஆள் பிரச்சினையைப் பற்றி நிறைய எழுதலாம், மனது வரவில்லை. மொடலுக்குத் தேவையான துணை மென்பொருள்களில், தரவுக் கோப்புக்கான நெட்சிடிஎஃப்பை ஒரு கொம்பைலரிலும் கோர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான எம்பிஐயை இன்னொன்றிலும் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் பிள்ளைகள் கிழமைக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பாக், அப்டெய்னர் போன்ற மென்பொருள் நிறுவும் கருவிகள் இதைப் பெருமளவு தீர்த்துவிட்டன, ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். நன்றாகப் பழகிய ஒருவர் எழும்பி வருகிற நேரத்தில் அவருக்கு விசா வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நல்ல சேர்வர் ஒன்று கடவுச்சொல் கனடாவுக்குப் போனதால் சும்மா நிற்கிறது. எந்த இடம் என்று கேட்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் செயற்கை நுண்ணறிவு வானிலை மொடல்களைக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூகிள் டீப்மைன்டின் கிராஃப்காஸ்ற் 2023இல் வந்தபோது, ஒரே ஒரு கணினிச் சில்லில், ஒரு நிமிடத்துக்குள் பத்து நாள் எதிர்வுகூறலைத் தந்தது. ஐரோப்பிய வானிலை மையமும் தன்னுடைய ஏஐஎஃப்எஸ் மொடலை 2025 பெப்ரவரியில் முறையான சேவைக்குக் கொண்டுவந்தது. பயிற்சிக்குத்தான் பெரிய இயந்திரம், ஓட்டுவதற்குச் சிறியது போதும் என்பது எங்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி. புயலின் பாதையைப் பார்க்க நான் இப்போது அவற்றைத்தான் முதலில் திறக்கிறேன். ஆனால் இவையும் 28 கிலோமீற்றர் அளவுக் கட்டத்தில்தான் பேசுகின்றன, இரணைமடு திரும்பவும் ஒரு புள்ளியாகிவிடுகிறது. தாய்வான் பகுதிக்கு என்விடியா செய்து காட்டிய கோர்டிஃப் போல, பருமட்டான கட்டத்திலிருந்து 2 கிலோமீற்றருக்கு நுணுக்கக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு அந்த இடத்துக்கான நுண்ணிய தரவு வருடக்கணக்கில் வேண்டும். வன்னிக்கு அதை யாராவது முதலில் கணித்து வைக்க வேண்டும். அதாவது, டபிள்யூஆர்எஃப்பை வருடக்கணக்கில் ஓட்ட வேண்டும். சுற்றிச் சுற்றி அதே எட்டுத் துண்டு ரேமில் வந்து நிற்கிறோம்.

இந்த மாரிக்கு என்ன ஓட்டுவது என்பதில் எங்களுக்குள் சண்டை. பிள்ளைகளுக்கு 1 கிலோமீற்றர் ஆசை, படம் அழகாக இருக்கும், கட்டுரையில் போடலாம். பக்கத்து வீட்டில் நீர்ப்பாசனத்தில் வேலை செய்து இளைப்பாறிய ஐயா ஒருவர் இருக்கிறார், படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, 200 மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கிறியள், சரி. இது 100 ஆகப் போறதுக்கு எவ்வளவு சாத்தியம்? 300 ஆகப் போறதுக்கு?" ஓர் ஓட்டத்திடம் இதற்குப் பதில் இல்லை, அது எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும். 1 கிலோமீற்றரில் ஒரே ஓட்டத்துக்கு ஆகிற கணிப்பில், 3 கிலோமீற்றரில் 27 ஓட்டம் ஓட்டலாம். தொடக்க நிலையைக் கொஞ்சம் மாற்றி, மேகத்துக்கான சூத்திரத்தை மாற்றி, இத்தனையில் எத்தனை 300ஐத் தாண்டுகிறது என்று ஐயாவிடம் சொல்லலாம். பதினாறு கோரோடு வந்த தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. "கட்டுரைக்கு ஆரண்ணை 3 கிலோமீற்றரை மதிப்பினம்" என்கிறான். இருக்கிற நினைவகத்துக்கும் பின்னேரம் வரை கிடைக்கிற நேரத்துக்கும் ஏழெட்டு ஓட்டம்தான் அடங்கும். அதில் தொடங்குகிறோம். ரேம் விலை இறங்கினால் கூட்டலாம்.